வயசு போன ஆக்கள்ட மனநலம் பாக்கிற நர்ஸிங், போறதா வேணாமா?

10.05.2025, இரவு 8.20, கேள்வி

அக்காமார், நான் நர்ஸிங் கடைசி வருசம். எனக்கு வயசு போன ஆக்களோட இருக்க விருப்பம், மனநலப் பக்கமும் விருப்பம். ரெண்டையும் சேத்துச் செய்யலாமா எண்டு கேட்டதுக்கு பட்ச் பிள்ளையள் எல்லாம் சிரிக்கிறாங்க. ஒப்பரேசன் தியேட்டர், ஐசியு எண்டா வெளிநாடு போகலாம், கிழடுகளுக்கு மறதி வாறது இயற்கைதானே, அதுல நர்ஸ் என்னத்தச் செய்ற, பம்பர்ஸ் மாத்துறதுதான் வேல எண்டு சொல்றாங்க. அந்த வேலைல இருக்கிற ஆராச்சும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

11.05.2025, இரவு 10.15

நான் சொல்றன் தங்கச்சி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரைல பிறந்து, கிழக்கால எழுவான்கரைல வேல செய்ற நர்ஸ் நான். 2004ல அப்பொயின்மென்ட், அந்த வருசம் டிசம்பர்லதான் கடல் வந்த, சுனாமி, அதோட தொடங்கின வேல. சேர்ஜிக்கல், மெடிக்கல் எல்லாம் நிண்டுட்டுத்தான் மனநல யுனிட்டுக்குப் போன, கேட்டுப் போகல்ல, போட்டாங்க. முதல் மாசம் ட்ரான்ஸ்பர் போம் எழுதி பேக்குக்குள்ள வச்சிக்கிட்டே திரிஞ்சன். இப்ப 14 வருசம் ஆகுது. வயசு போன ஆள் ஒருத்தர் குழம்பின மாதிரி வந்தா எங்கட சிஸ்டர் என்னத்தான் கூப்பிடுவா.

"கிழடுகளுக்கு மறதி வாறது இயற்கை" எண்ட அந்த வசனத்தோட எனக்குப் பெரிய கோவம் இரிக்கு, அதுக்காகத்தான் எழுத வந்த. வயசு போன ஒருத்தர் தடுமாறிக் கதைக்கிறார் எண்டா பின்னால மூண்டு விசயம் இரிக்கலாம். ஒண்டு டிமென்ஷியா, மாசக்கணக்கா வருசக்கணக்கா மெல்ல மெல்ல இறங்கிற நோய். மத்தது டெலீரியம், மணிக்கணக்குல நாள்கணக்குல திடீரெண்டு வாறது, விடியக்குள்ள நல்லாக் கதைப்பார், பின்னேரம் ஆளே வேற ஆள், இதுக்குப் பின்னால எப்பயும் உடம்புல ஒரு காரணம் இரிக்கும், மூத்திரத்துல கிருமி, நெஞ்சுச் சளி, உப்பு இறங்கினது, தண்ணி குடிக்காதது, மலம் இறுகினது, குடிக்கிற குளிசை. மூண்டாவது டிப்ரெஷன், வயசு போன ஆக்களுக்கு அது அனேகமா அழுகையா வராது, மறதியா வரும், வயித்து நோவா வரும், சாப்பாடு வேணாம் எண்டு வரும். மூண்டுக்கும் வைத்தியம் வேற வேற. மூண்டையும் "வயசுதானே" எண்டு ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கட்டினா, ரெண்டு பேர் தேறி வீட்ட போகக்கூடிய இடத்துல மூண்டு பேரும் கட்டில்ல கிடப்பாங்க.

அந்தச் சாக்க அவுக்கிறதுதான் எங்கட வேல. டொக்டர் ரவுண்ட்ஸ்ல ஒரு அஞ்சு நிமிசம் காணுவார், நாங்க ராவு ரெண்டு மணிக்கும் காணுறம்.

11.05.2025, இரவு 10.40

பம்பர்ஸ் மாத்துறதும்தான். அதுல வெக்கப்பட ஒண்டுமில்ல. மூத்திரத்துட நிறம், மணம், எத்தின தரம் எண்டு தெரியிறது பம்பர்ஸ் மாத்துற ஆளுக்குத்தான்.

13.05.2025, மத்தியானம்

டியூட்டி ஓஃப். ஒரு கதை சொல்றன், ஆள் தெரியாம இருக்க ஊரையும் மத்த விபரங்களையும் மாத்தித்தான் எழுதுறன்.

ஒரு ஐயா, வயசு 78, நல்ல வயல்காரர், ஊருல போடியார் எண்டுதான் கூப்பிடுற. பின்னேரம் அஞ்சரை ஆனா கட்டில்ல இருந்து இறங்கி சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு வெளிக்கிடுவார். "வடிச்சல் அடைபட்டுக் கிடக்கு பிள்ள, தண்ணி கட்டி நிக்கிது, பயிர் அழுகிரும், விடுங்க என்ன." வடிச்சல் எண்டா வட்டைல, அதான் வயல் வெளில, தண்ணி வடியிற வாய்க்கால். பிடிச்சாத் தள்ளுவார். ஒருக்கா என்ட கைல நகம் கீறி ரெத்தம். நாங்க "ஐயா, இது ஆஸ்பத்திரி, வட்டை இல்ல" எண்டு சொல்லச் சொல்ல அவருக்குக் கோவம் கூடிக்கிட்டே போகும். அப்ப எங்கட வார்டுல ஒரு அட்டெண்டன் அக்கா, எட்டாம் வகுப்போட படிப்ப விட்டவ, அவட மனுசன் முல்லைக்காரனா, அதான் போடியார்மார்ட வயல் வேலைக்கு நிக்கிற ஆளா, இருந்தவர். அவ போய் பக்கத்துல நிண்டு மெதுவாக் கேட்டா, "எந்தப் பக்கத்து வடிச்சல் போடியார், மேல் வயலா கீழ் வயலா?" மனுசன் அப்பிடியே நிண்டுட்டார். "கீழ் வயல்." "அது நான் வரக்குள்ள பாத்துட்டுத்தான் வந்த, சல்வீனியாக் களை அடைச்சிக் கிடந்திச்சி, வாரிப் போட்டுட்டன், தண்ணி இறங்குது." "எந்தப் பக்கம் வாரிப் போட்டாய்?" "வரம்புல." "வரம்புல போட்டா மழைக்கு மறுகா உள்ளுக்குத்தான் வரும், தள்ளிப் போடணும்." கட்டில்ல குந்திக்கிட்டு அவவுக்குப் பாடம் எடுத்தார் பாருங்க, அரை மணித்தியாலம். பொறகு தேத்தண்ணி குடிச்சார், படுத்தார்.

அண்டைக்கு எனக்கு விளங்கின விசயம், ஒரு ஆள்ட வாழ்க்கை தெரியாம அவர்ட மனநலத்தப் பாக்க ஏலா எண்டது. பின்னேரத்துல குழப்பம் கூடுறதுக்கு வெளிநாட்டுப் புத்தகத்துல பேர் இரிக்கு, ஆனா அந்த அக்காட்ட வட்டை இருந்த.

14.05.2025

கீழ கன பேர் இந்தக் கதைக்கு அழுகிற பொம்மை போட்டிரிக்கீங்க. கொஞ்சம் பொறுங்க. நான் இன்னும் எழுத இரிக்கு அதப் பத்தி.

14.05.2025, இரவு

வெளிநாட்டுக் கேள்வி உள்பெட்டில எட்டுப் பேர் கேட்டிரிக்காங்க, ஒரேயடியாச் சொல்லிர்றன். இங்கிலாந்துல நர்ஸ் பதிவு நாலு பிரிவு, பெரியாக்கள், பிள்ளையள், கற்றல் குறைபாடு, மனநலம். மனநலம் தனிப் பிரிவு, அதுக்கெண்டு ஓஸ்கி எண்டு சொல்ற செய்முறைப் பரீட்சையும் தனி. அப்ளை பண்ண முதல் உங்கட படிப்பும் அனுபவமும் எந்தப் பிரிவுக்குப் பொருந்துது எண்டு பாத்துக்கங்க, இத விளங்காம ஏஜென்சிக்குக் காசு கட்டிட்டு நிண்ட பிள்ளைய எனக்குத் தெரியும். அங்க டிமென்ஷியாக்கெண்டே அட்மிரல் நர்ஸ் எண்டு சொல்ற ஆக்கள் இரிக்காங்க, அவங்க நோயாளிய மட்டுமில்ல, வீட்டுல வச்சிப் பாக்கிற மகளையும் மனிசியையும் சேத்துத்தான் பாக்கிற. அது எனக்குப் பிடிச்ச விசயம்.

இங்க எண்டா அங்கொடைல தேசிய மனநல நிறுவனத்துல வயசு போன ஆக்களுக்கெண்டு தனி யுனிட் இரிக்கு. கொழும்புல லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் 2001ல இருந்து வேல செய்து. எங்கட கிழக்குப் பல்கலைக்கழகத்துல நர்ஸிங் டிகிரி இரிக்கு, மட்டக்களப்புலயே படிக்கலாம். ஆனா நம்மட பக்கம் வார்டுல "வயசு போன ஆக்கள்ட மனநல நர்ஸ்" எண்டு ஒரு கதிரைல பேர் எழுதி வச்சிரிக்க நான் காணல்ல. மனநல யுனிட்டுலயும் மெடிக்கல் வார்டுலயும் கிளினிக்லயும் நிண்டு நீங்களா உருவாக்கிக்கிற வேலதான் அது. அது கஷ்டம். சும்மா இனிப்பாச் சொல்ல மாட்டன்.

18.05.2025, ஞாயிறு, விடிய 4.50

நைட் முடியப் போகுது, வார்ட் அமைதி. போடியார்ட கதைக்கு வாறன். நான் பாதில நிப்பாட்டிட்டன். எல்லாரும் "எவ்வளவு அழகு" எண்டு எழுத எழுத எனக்குத் தொண்டைல முள் நிண்ட மாதிரி இருந்த.

நடந்தது இதுதான். அந்த அக்கா வடிச்சல் கதை சொல்லிச் சொல்லி நாலு நாள் பின்னேரம் அவர ஆத்தினா. நாங்க எல்லாரும் சந்தோசம். நோயாளிட விபரம் எழுதுற டிக்கட்டுல "டிமென்ஷியா, பின்னேரக் குழப்பம், கதைச்சா அடங்குறார்" எண்டு எழுதினம். நானும் எழுதினன், என்ட கையெழுத்து இரிக்கு. அஞ்சாம் நாள் ராவு எனக்கு டியூட்டி. அவர் அடங்கல்ல. சாரத்த அவுத்து மாத்திக் கட்ட உதவி செய்யக்குள்ள என்ட புறங்கை அடிவயித்துல பட்டுது. கல் மாதிரி. தொப்புளுக்குக் கிட்ட வரைக்கும் வீங்கி நிக்கிது. கத்தீட்டர், அதான் மூத்திர ட்யூப், போட்டா 900 மில்லி வந்துது, நின்டு நின்டுதான் எடுத்தம்.

விடிய மகள் வந்தா. அவட்ட நான் அண்டைக்குத்தான் முதல் முதலாக் கேட்டன், "எப்ப இருந்து இப்பிடி?" அவ சொன்னா, "வாறதுக்கு முதல் சனிக்கிழமை வரைக்கும் சைக்கிள்ள வட்டைக்குப் போய் வந்தவர் மிஸ்ஸி, கணக்கு வழக்கு எல்லாம் அவர்தான் பாக்கிற." ஒரு கிழமைக்கு முதல் நெல்லுக் கணக்குப் பாத்த மனுசனுக்கு நாங்க டிமென்ஷியா எண்டு எழுதி வச்சிரிக்கம். மறுகா பேக்கத் தட்டிப் பாத்தா, தடிமனுக்கு எண்டு கடைல வாங்கின பிரிட்டன் (Piriton) குளிசை, ஒரு நாளைக்கு மூண்டு. சீனி வருத்தத்துல கால் எரிவுக்கு கிளினிக்ல குடுத்த அமிட்ரிப்டிலின், ராவைக்கு ஒண்டு. வயசுக்கு வீங்கின ப்ரோஸ்டேட் ஏற்கெனவே இரிக்கு. இந்த ரெண்டு குளிசையும் சேந்தா மூத்திரத்த அடைக்கும், மூளையையும் குழப்பும். குளிசைய நிப்பாட்டி, ட்யூப் போட்டு, மலமும் இறங்கி, நாலாம் நாள் அவர் என்னப் பாத்துக் கேட்டார், "பிள்ள, நான் இஞ்ச வந்து எத்தின நாள்?"

வடிச்சல் அடைபட்டிட்டு, தண்ணி கட்டி நிக்கிது. அவர் வயலச் சொன்னாரோ வயித்தச் சொன்னாரோ எனக்குத் தெரியா. நாங்க அவ்வளவு அன்பாப் பதில் சொன்னம், ஒருத்தரும் தொட்டுப் பாக்கல்ல.

தங்கச்சி, நீங்க இந்த வேலைக்கு வந்தா இத மறக்காதீங்க. கதை கேக்கத் தெரிஞ்சா மட்டும் காணாது. முதல் கேள்வி "எப்ப இருந்து". அத நோயாளிட்ட இல்ல, கூட இருக்கிற ஆளிட்ட கேளுங்க. மறுகா அடிவயித்துல கை.

18.05.2025, இரவு

முதல் நாள் "உடம்புல ஒரு காரணம் இரிக்கும்" எண்டு எழுதினன். அதையும் திருத்துறன். அனேகமா ஒண்டு இல்ல, ரெண்டு மூண்டு சேந்துதான் வரும், போடியாருக்கு வந்த மாதிரி. ஒண்டக் கண்டு பிடிச்ச சந்தோசத்துல தேடுறத விட்டுரக் கூடா.

20.05.2025

மருதமுனைல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், அவர்ட உம்மாட வாப்பா காய்ச்சலோட கிடக்கக்குள்ள விரலால பெட்சீட்ட இழுத்து இழுத்து நூல் பிரிக்கிற மாதிரி செஞ்சாராம், வீட்டுல எல்லாரும் "பாவம், தறிய மறக்கேல்ல" எண்டு கண்கலங்கி இருந்தாங்களாம். தம்பி, உங்களுக்கு அது நெசவு மாதிரித் தெரிஞ்சிரிக்கும், அம்பது வருசம் தறில இருந்த மனுசன் எண்டா ஆருக்கும் அப்பிடித்தான் தெரியும். ஆனா தறியக் கண்ணாலயும் காணாத ஆக்களும் டெலீரியத்துல அப்பிடித்தான் பெட்சீட்ட இழுப்பாங்க, காத்துல எதையோ பிடிப்பாங்க. இது பழைய காலத்து வைத்தியர்மாருக்கே தெரிஞ்ச அடையாளம். அதக் கண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். சத்தம் போடாம, அமைதியாச் சுருண்டு கிடந்து டெலீரியம் ஆகிற ஆக்களும் இரிக்காங்க, அவங்களத்தான் நாங்க கூடுதலா விட்டுர்ற, "நல்லாத் தூங்குறார்" எண்டு.

22.05.2025

மறதி பாக்கிற டெஸ்ட் பத்திக் கேட்டிரிந்தீங்க. எம்எம்எஸ்இ எண்டு ஒண்டு, 1975ல வந்த, 30 புள்ளி. அதுல 100ல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்ற கேள்வி இரிக்கு. பன்பாய் இழைச்சு வித்த ஒரு அம்மாட்ட கேட்டன், "அம்மா, நூறுல ஏழு போனா எத்தின?" அவ என்ன நிமிந்து பாத்துக் கேட்டா, "ஆருக்கு மகள் குடுத்த அந்த ஏழ?" அவவுக்கு ஆருக்கும் குடுக்காம ஒரு கணக்குக் குறையாது. பள்ளிக்கூடம் போகாத ஆள். மறுகா, "850 ரூபாக்குப் பாய், ஆயிரம் ரூபாத் தாள் தாறன், மிச்சம் எவ்வளவு தருவீங்க" எண்டு கேட்டன், கண்ண மூடித் திறக்க முதல் பதில் வந்துது. புள்ளி போடுற பேப்பர்ல அவவுக்குச் சுழியம்.

கடிகாரம் கீறச் சொல்ற டெஸ்டும் அப்பிடித்தான், வாழ்நாள்ல பேனை பிடிக்காத கைக்கு வட்டம் கீறுறதே மலையேறுற மாதிரி. அதுக்காக டெஸ்ட் வேணாம் எண்டு சொல்ல வரேல்ல, படிப்புக்குப் பாத்துப் புள்ளிய வாசிக்கணும் எண்டுதான் சொல்றன். திகதி தெரியாத ஆளிட்ட நான் கேக்கிறது, இப்ப ஊருல என்ன நடக்குது எண்டு. வைகாசில கண்ணகை அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். முஸ்லிம் ஆக்கள் எண்டா நோன்பு முடிஞ்சிட்டா, இப்ப எந்த வக்துத் தொழுகை எண்டு. இருபத்தோராம் திகதி எண்டது தெரியாத அம்மாவுக்கு, கண்ணகை அம்மன் சடங்கு முடியிற குளிர்த்திக்கு இன்னும் எத்தின நாள் எண்டு தெரிஞ்சா அவ காலத்தோடதான் இரிக்கா.

22.05.2025, கொஞ்ச நேரத்தால

எழுத மறந்த. டெஸ்ட் வைக்க முதல் காதப் பாருங்க. காதுக் குறும்பி அடைச்சி, கேள்வி காதுல விழாம, குத்து மதிப்புல பதில் சொல்லி "மறதி" எண்டு வந்த ஆக்கள் எத்தின பேர். கண்ணாடி வீட்டுல, பல்லு வீட்டுல, காது அடைப்பு, இதோட ஒரு மனுசன் எப்பிடி 30க்கு 30 எடுக்கிற?

27.05.2025

ஒருத்தர் கேட்டிரிக்கார், "டிமென்ஷியா ஆக்களுக்குப் பொய் சொல்லலாமா, மார்க்கத்துல கூடாதே" எண்டு. நல்ல கேள்வி, எனக்கு இதுக்குப் பதில் கிடைக்கக் கன காலம் எடுத்த.

கல்லடிப் பக்கத்து அம்மா ஒருத்தி. டிமென்ஷியாதான், எல்லாம் பாத்து முடிவு பண்ணினது. அவட கடைசி மகன் 2004ல கடலோட போனவன். பின்னேரம் ஆனா கேப்பா, "தம்பி வந்திட்டானா?" முதல் தரம் நான் உண்மைய சொன்னன். கையப் பிடிச்சி, மெதுவா, படிப்பிச்சுத் தந்த மாதிரித்தான் சொன்ன. அவ இப்பதான் கேக்கிற மாதிரிக் கேட்டா. நிலத்துல விழுந்து அழுதா, நெஞ்சில அடிச்சா. ஒரு மணித்தியாலத்துல மறந்துட்டா. அடுத்த நாள் பின்னேரம், "தம்பி வந்திட்டானா?" அப்ப நான் யோசிச்சன், ஒவ்வொரு நாளும் இந்த மனுசிக்கு மகன நான் சாக்குடுக்கப் போறனா எண்டு.

சரி எண்டு அடுத்த நாள் சொன்னன், "வாறான் அம்மா, வந்திருவான்." அதுவும் பிழை. அவ கேட்டடில போய் குந்திட்டா, சோறு வேணாம், அவன் வரட்டும் சேந்து திண்போம் எண்டு. ராவு ஒம்பது மணி வரைக்கும். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவ பசியோட இருந்தா.

பொறகு ஒரு நாள் ஒண்டும் சொல்லாம பக்கத்துல குந்திக் கேட்டன், "தம்பிக்கு என்ன கறி விருப்பம் அம்மா?" முகம் மாறிச்சு. "அவனுக்கு மீன் முள் எடுக்கத் தெரியா மகள். பதினெட்டு வயசு, இன்னும் நான்தான் எடுத்துக் குடுக்கணும்." விரல நீட்டிக் காட்டினா, பெருவிரலும் சுட்டு விரலும் சேத்து, முள் இழுக்கிற மாதிரி. அண்டைக்கு வார்டுல சூடை மீன் கறி. தட்டத் தூக்கி வச்சன், அவ முள் எடுத்தா, சதைய ஒரு பக்கமா ஒதுக்கினா, ஒதுக்கி வச்சதுல பாதி அவவே திண்டா. நான் பொய் சொல்லேல்ல. அவன் இல்ல எண்டும் சொல்லேல்ல. கேள்விக்குப் பின்னால இருந்த ஏக்கத்துக்குத்தான் பதில் சொன்ன. இது எல்லா நாளும் சரி வந்துது எண்டு சொல்ல மாட்டன், சில நாள் அவ என்ட சீலைத் தலைப்பப் பிடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தா, அண்டைக்குக் கூட இருக்கிறதத் தவிர எனக்கு வேற ஒண்டும் தெரியல்ல.

28.05.2025

மேல எழுதினதுல "சீலைத் தலைப்பு" எண்டு பழக்கத்துல எழுதிட்டன், டியூட்டில நாங்க வெள்ளை யூனிபோம்தான். அவ பிடிச்சது யூனிபோம் நுனிய. கேட்ட அக்காவுக்கு நன்றி, நீங்க உன்னிப்பா வாசிக்கிறீங்க.

02.06.2025

இண்டைக்கு மனசு கொஞ்சம் பாரம். நோயாளியக் கட்டிலோட கட்டி வைக்கிறதப் பத்தி எழுதச் சொன்னீங்க.

கட்டியிரிக்கன். நான் தொடக்கத்துல வேல செஞ்ச ஒரு இடத்துல, ராவைக்கு ரெண்டு நர்ஸ், நாப்பது நோயாளி, ஒரு அப்பு எழும்பி எழும்பி விழுறார். பேண்டேஜால ரெண்டு கையையும் கட்டில் சட்டத்தோட கட்டினம். விடியக்குள்ள மணிக்கட்டு தோல் உரிஞ்சிரிந்த. அவர் என்னக் கேட்டது, "நான் என்ன களவு செஞ்ச மகள்?" அந்தக் கேள்வி இன்னும் கேக்குது எனக்கு. கட்டினா டெலீரியம் கூடும், விழுறதும் குறையாது, அது பொறகுதான் நான் படிச்ச. அண்டைக்கு எனக்கு முன்னால இருந்தது ஆள் பத்தாக்குறையும் பயமும். இப்ப எங்கட வார்டுல செய்றது, கட்டில எவ்வளவு பதிக்கேலுமோ அவ்வளவு பதிச்சி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒண்டுக்கு இருக்க கூட்டிக்கிட்டுப் போய், ராவைக்கு ஒரு சின்ன லைட்ட விட்டு, வீட்டாள் ஒருத்தரப் பக்கத்துல நிப்பாட்டுற. ஆள அடக்கிற ஹெலோபெரிடோல் மருந்து கடைசிக்குத்தான், அதுவும் துளித்துளியா. டிமென்ஷியா உள்ள வயசாளிகளுக்கு இந்த வகைக் குளிசையள் சாவுற ஆபத்தக் கூட்டும் எண்டு அமெரிக்கா மருந்து நிர்வாகம், எஃப்டிஏ, புது வகைக்கு 2005லயும் ஹெலோபெரிடோல் மாதிரிப் பழைய வகைக்கு 2008லயும் எச்சரிக்கை போட்டது. "மிஸ்ஸி, ஏதாச்சும் குடுத்துத் தூங்க வைங்க" எண்டு குடும்பம் கேக்கக்குள்ள இத விளங்கப்படுத்துறதும் நம்மட வேலதான்.

08.06.2025

ஹஜ்ஜுப் பெருநாள் டியூட்டி, ஒரு உம்மா வீட்டுல இருந்து வட்டிலப்பம் கொண்டு வந்து தந்தா, போன வருசம் எங்கட வார்டுல இருந்தவ. அவட கதைய அவட அனுமதியோட எழுதுறன்.

அம்பாறைப் பக்கம் நான் வேல செஞ்ச காலத்துலயே அவவத் தெரியும். மகள் குவைத்துக்குப் போய், மூண்டு பேரப்பிள்ளையள் இவட கைல. 66 வயசு. மறதி எண்டு கொண்டு வந்தாங்க, அடுப்புல கறிய வச்சிட்டு மறந்துர்றா, பிள்ளையள்ட பேர் மாறுது. முதல்ல இசும் பாத்து, அதான் மந்திரம் ஓதிப் பாத்து, தண்ணி ஓதிக் குடிச்சி, எல்லாம் செஞ்சிட்டுத்தான் வந்தாங்க. அதுக்கு நான் ஒரு நாளும் ஏச மாட்டன், பேயோட்டுற கட்டாடியிட்ட போனவங்களுக்கும் ஏச மாட்டன், ஏசினா அடுத்த தரம் உண்மையச் சொல்ல மாட்டாங்க. டொக்டர் சிங்களம், உம்மாக்குத் தமிழ் மட்டும்தான், நடுவுல நான். அவ சொன்னா, "நெஞ்சு வேகுது மிஸ்ஸி." நான் அத நெஞ்சு நோவு எண்டு மாத்திச் சொல்லிட்டன். ஈசிஜி எடுத்தாங்க. மறுகா எடுத்தாங்க. ரெத்தம் எடுத்தாங்க. இதயம் நல்லாத்தான் இரிக்கு. மூணாம் நாள் அவ நெஞ்சில கைய வச்சி, "புள்ளைட குரல போன்ல கேட்டா இஞ்ச வேகுது" எண்டு சொல்லக்குள்ளதான் எனக்குத் தலைல அடிச்ச மாதிரி இருந்த. வேகிறது எண்டா நோவு இல்லயே, மனசுக் கவலை, நம்மட தாய்மார் ஒருத்தரும் அந்தச் சொல்ல நோவுக்குச் சொல்றதில்ல, எனக்கு அது தெரியும், அவசரத்துல விட்டுட்டன்.

பொறகு டிப்ரெஷனுக்கான கேள்வியள் கேட்டம், வயசாளிகளுக்கெண்டு 15 கேள்வி, ஓம் இல்ல எண்டு பதில் சொன்னாக் காணும். டிப்ரெஷன் உள்ள ஆள் அனேகமா "தெரியா, தெரியா" எண்டுதான் சொல்லும், டிமென்ஷியா உள்ள ஆள் பிழையா எண்டாலும் ஒரு பதில் சொல்லப் பாக்கும், இது எனக்கு அனுபவத்துல கிடைச்ச அடையாளம், சட்டம் இல்ல. தைரொயிட் பாத்தாங்க, விட்டமின் பி12 பாத்தாங்க. குளிசை தொடங்கி வயசு போன ஆக்களுக்கு வேல செய்யக் கிழமைக்கணக்கா எடுக்கும், ரெண்டு கிழமைல "ஒண்டும் நடக்கேல்ல" எண்டு நிப்பாட்டிருவாங்க, அங்கதான் கிளினிக் நர்ஸ் பிடிச்சி வச்சிரிக்கணும். அந்தக் குளிசையளும் வயசாளிகள்ட சோடியத்த இறக்கலாம், அதையும் பாத்துக்கிட்டு இருக்கணும். இண்டைக்கு வட்டிலப்பம் கொண்டு வந்த உம்மா மூண்டு பேரப்பிள்ளையள்ட பேரையும் சொல்லி, என்ட பிள்ளையள்ட பேரையும் சொல்லி விசாரிச்சா.

வயசு போன ஒரு ஆள் "நான் இருந்து என்ன" எண்டு ஒருக்காச் சொன்னாலும் அதக் கேட்டுட்டுப் போயிராதீங்க, கேள்வி கேளுங்க, நேராக் கேளுங்க. வயல் மருந்த வீட்டுல இருந்து அப்புறப்படுத்துங்க. ராவைக்கு ஆருமில்ல எண்டா 1926க்குப் பேசலாம், தேசிய மனநல நிறுவனத்துட நம்பர் அது.

15.06.2025

கச்சான் காத்துத் தொடங்கிட்டு. எங்கட யுனிட்டுக்கு இதுவும் ஒரு சீசன். காஞ்ச காத்து, தண்ணித் தாகம் தெரியாத வயசு, ராவுல எழும்ப வேண்டி வரும் எண்டு பின்னேரத்துல இருந்து தண்ணியே குடிக்காத பழக்கம். மனநிலை ஏறி இறங்கிற வருத்தத்துக்கு லித்தியம் குடிக்கிற ஆக்களுக்கு இந்த மாசம் கவனம், உடம்புல தண்ணி குறைஞ்சா லித்தியம் ரெத்தத்துல ஏறும், கை நடுக்கம், வயித்தால போறது, தள்ளாட்டம் வந்தா உடன காட்டணும். தண்ணி குடிங்க எண்டு சொன்னாக் குடிக்க மாட்டாங்க. இளநி, கஞ்சி, மோர், தேத்தண்ணி எண்டு குடுத்தாக் குடிப்பாங்க.

பிரஷர் குளிசைல சிலது மூத்திரத்தக் கூட்டி உப்ப இறக்கும். போன கிழமை ஒரு ஐயா, ஜும்மாவுக்கு நடந்து போனவர், செவ்வாய்க்கிழமை மகனப் பாத்து ஆர் நீ எண்டு கேட்டிரிக்கார். மகன் ஆஸ்பத்திரி வாசல்ல வச்சே அந்த வெள்ளிக்கிழமையச் சொன்னார், நான் கேக்க முதல். ரெத்தத்துல உப்பு, அதான் சோடியம், 116க்கு இறங்கியிரிந்த.

16.06.2025

நோயாளி குடிக்கிற குளிசை எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லணுமா எண்டு கேட்ட தம்பிக்கு: ஓம், எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க, ஷொப்பிங் பேக்கோட. கிளினிக் என்வலப், பார்மசி என்வலப், பக்கத்து வீட்டுக்காரி தந்தது, தோஹால இருந்து மகன் அனுப்பினது, ஆயுர்வேதப் போத்தல். மேசைல கொட்டி ஒவ்வொண்டா வைங்க. ஒரே குளிசை ரெண்டு கிளினிக்ல ரெண்டு பேருல குடுத்திரிப்பாங்க, அம்மா ரெண்டையும் ஒழுங்காக் குடிச்சிக்கிட்டு இருப்பா, ஏனெண்டா அவ சொல் கேக்கிற ஆள்.

23.06.2025

கேள்வி கேட்ட தங்கச்சி நேத்து எழுதியிரிக்கா, அவட அம்மம்மாட "மறதி" பத்தி அம்மாட்ட "எப்ப இருந்து" எண்டு கேட்டதாம், "காது கேக்காமப் போனதுல இருந்துதான்" எண்டு பதில் வந்துதாம். நாளைக்கு ஈஎன்டி கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். குறும்பி எண்டா குறும்பி, இல்ல எண்டா வேற. போய்ட்டு வந்து எழுதுங்க, நான் பாத்துக்கிட்டு இருப்பன்.

சிரிக்கிற பட்ச் பிள்ளையளுக்கு என்ன பதில் சொல்ற எண்டும் கேட்டிரிந்தீங்க. 2012 கணக்கெடுப்புலயே இந்த நாட்டுல 60 வயசுக்கு மேல 12.4 வீதம், அதுக்குப் பொறகு அது இறங்கேல்ல. ஐசியுல கிடக்கிற வயசாளிக்கும் டெலீரியம் வரும், தியேட்டர்ல இடுப்பெலும்பு ஒப்பரேசன் முடிஞ்சி வாற அம்மாவுக்கும் வரும். அவங்க எங்க போனாலும் எங்கட நோயாளிதான்.

என்ட வார்டுக்கு வந்தா முதல் கிழமை உங்களுக்கு ஒரு வேலதான் தருவன். விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஒவ்வொரு கட்டிலடிலயும் குந்தி, அவங்கட பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கைய அடிவயித்துல வச்சிப் பாக்கிற. கை முதல்ல ஒண்டும் சொல்லாது. நாலாம் அஞ்சாம் நாள்தான் வித்தியாசம் விளங்கத் தொடங்கும். நகத்த வெட்டிக்கிட்டு வாங்க.